ஆபீஸ் வேலையின் கார்பன் தடம்: ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து கணக்குப் போடுவது எப்படி

நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு என்ன பெரிய புகை வந்துவிடும் என்று தோன்றும். ஒரு மெயிலுக்கு எத்தனை கிராம் என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. சாண்ட்டன், மிட்ராண்ட் பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலர் கேட்டதால், என் வேலையால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று எனக்காகப் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். ஒரு எக்செல் தாள் போதும். கைபேசிச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. எந்த எண்ணால் பெருக்குகின்றன என்றே பல செயலிகள் காட்டுவதில்லை.

படி 1: மேசை

லேப்டாப்பும் ஒரு மானிட்டரும் சேர்ந்து சுமார் 75 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 8 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வாட்டை எடுக்காதீர்கள், அது உச்ச அளவு. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் ஊகமே வேண்டாம். ஏசி, விளக்கு எல்லாவற்றுக்கும் ஆபீஸ் மின் கட்டணச் சீட்டில் உள்ள யூனிட்டை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: யூனிட்டைக் கிலோவாக்குவது

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இதுதான். இணையக் கணிப்பான்கள் பல, வெளிநாட்டு மின்சாரத்தை மனதில் வைத்துச் செய்தவை. பிரிட்டனில் ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 0.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இங்கே தென்னாப்பிரிக்காவில் சுமார் 1 கிலோ. கேப் டவுன் பக்கம் கோபர்க் அணுமின் நிலையம் இருந்தாலும், அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் நிலக்கரிதான். அதனால் நாட்டைத் தேர்ந்தெடுக்க இடம் இல்லாத கணிப்பானை உடனே மூடிவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு விடை வந்தால் மனசுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில், ப்ரீபெய்ட் மீட்டரில் எத்தனை யூனிட் குறைகிறதோ அத்தனை கிலோ. பெருக்கலே தேவையில்லை.

இன்னொன்று: சில அட்டவணைகள் வெறும் கார்பனின் எடையைத் தரும். அதை 44/12 ஆல், அதாவது 3.67 ஆல் பெருக்கினால்தான் கார்பன் டை ஆக்சைடு. தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

படி 3: போக வர

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. தினமும் போக வர 40 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் என்றால், 2.8 லிட்டர், கிட்டத்தட்ட 6.5 கிலோ. உங்கள் மேசையைப் போலப் பத்து மடங்கு! இது சைலன்சர் வழியே போவது மட்டும்தான். செகுண்டா என்ற ஊரில் நிலக்கரியிலிருந்தே பெட்ரோல் செய்கிறார்கள். அந்தப் புகை தனி.

இங்குள்ள விரைவு ரயிலான கௌட்ரெயின் மின்சாரத்தில் ஓடுகிறது, அதே நிலக்கரி மின்சாரம். பூஜ்யம் என்று எழுதாதீர்கள். ஆள் நிரம்பிய மினிபஸ் டாக்ஸியில் தலைக்கு வருவது மிகக் குறைவு. அதில் ஏறச் சொன்னால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்பது வேறு விஷயம். ஒரே காம்ப்ளெக்ஸில் இருக்கும் நாலு பேர் ஒரே காரில் போனாலும் கால் பங்காகிவிடும்.

படி 4: விமானம்

டர்பன் கிளையில் ஒரு மீட்டிங் என்றால், போக வர சுமார் 1,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 0.15 கிலோ என்று குறைத்துப் போட்டாலும் 150 கிலோ. மேலே சொன்ன கார் மாதம் முழுக்க ஆபீஸ் போய் வருவதைவிட அதிகம். அப்படியே மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கும் போய் வந்தால் பாதியை யார் தலையில் எழுதுவது? டிக்கெட் யார் எடுத்தார்களோ அவர்கள் தலையில்.

பின்சேர்க்கை

லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) வந்தால் என்ன செய்வது என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ, ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 3 யூனிட் தரும். அதாவது யூனிட்டுக்கு 0.9 கிலோ. எஸ்காமுக்குப் பக்கத்திலேயே வருகிறது, தனி வரிசை வேண்டாம். பெரிய ஜெனரேட்டரைச் சின்னச் சுமைக்கு ஓட்டினால் மட்டும் இன்னும் மோசம். இன்வெர்ட்டர் என்றால் ஏற்றி இறக்குவதில் இழப்பு உண்டு, 1 யூனிட்டை 1.2 என்று எழுதுங்கள். கூரையில் சோலார் இருப்பவர்கள், எஸ்காமிலிருந்து வந்த யூனிட்டை மட்டும் போட்டால் சரி.