சட்டென்று சிவக்கும் தோலுள்ள பிள்ளைக்கு நெப்கின் கவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் மழை பிடித்துவிட்டால் நுவரெலியாவிலும் பொகவந்தலாவையிலும் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் சில்லென்றுதான் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் தொடை இடுக்கு அவிந்துபோனால், "பம்பர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, துணிக்கே மாறுவோம்" என்று வீட்டில் முடிவாகிறது. துணி நெப்கினுக்கு மேலே போட ஒரு கவர் தேடுவார்கள். கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஈரம் வெளியே வராதுதானே?" மெல்லிய தோலுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: உள்ளே சேரும் ஆவியும் சூடும் எந்த வழியாக வெளியேறும்?

கவர் எதையும் உறிஞ்சாது. உறிஞ்சுவது உள்ளே மடித்து வைக்கும் துணி. கவர் அந்த ஈரம் உடுப்பிலும் படுக்கையிலும் படாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். இது பிடிபடாததால்தான் உள்துணியின் குற்றம் கவர் மேல் விழுகிறது, கவரின் குற்றம் சவர்க்காரத்தின் மேல் விழுகிறது.

சிவப்பு எங்கே என்று பார்க்காமல் கவரை மாற்றுவது

நல்ல வெளிச்சத்தில் பிள்ளையைப் படுக்கவைத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள்.

இடுப்பைச் சுற்றியோ தொடையைச் சுற்றியோ கோடு போட்டதுபோல் சிவந்திருந்தால் அது இலாஸ்டிக் அல்லது வெல்குரோ உரசியது. இதற்குத்தான் கவரை மாற்ற வேண்டும்.

பிட்டம், தொடையின் உட்பக்கம் போன்ற மேடான இடங்கள் சிவந்து, மடிப்பின் உள்ளே மட்டும் தோல் நன்றாக இருந்தால், நனைந்த துணி அதிக நேரம் இருந்திருக்கிறது. சிறுநீரும் மலமும் சேரும்போது அமோனியா உண்டாகி, தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அப்போது மலத்திலுள்ள நொதிகள் வேகம் பிடித்து, ஏற்கெனவே ஊறிப்போன தோலை அரிக்கின்றன. எவ்வளவு விலை கொடுத்த கவரும் இதைத் தடுக்காது. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை துணி மாற்றுவதும், மலம் போனால் அந்த நிமிடமே மாற்றுவதும்தான் வழி.

மடிப்புக்குள்ளேயே கடும் சிவப்பாகி, சுற்றிலும் தனித்தனிப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கிளினிக்கில் காட்டி மருந்து வாங்க வேண்டும். மருந்து போடும் நாட்களில் உள்துணிகளைத் தனியாக, கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். கவரைக் கொதிநீரில் போடக்கூடாது, காரணம் கீழே வருகிறது.

எந்தச் சிவப்பானாலும் இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, கொப்புளம், சீழ், இரத்தக்கசிவு, காய்ச்சல் ஏதாவது இருக்கிறது என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு மாதம் நிறையாத பிள்ளைக்கு அந்த இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் ஜட்டியைக் கவர் என்று வாங்குவது

இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பிளாஸ்டிக் ஜட்டி கசக்கினால் சரசரக்கும், முகர்ந்தால் பிளாஸ்டிக் வாடை அடிக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அதற்குள் ஆவி அடைபட்டு, கொஞ்ச நேரத்திலேயே தோல் வேர்த்துவிடும். வாங்க வேண்டியது பி.யு.எல். (polyurethane laminate) என்ற துணியில் தைத்த கவர். அதில் ஒரு பக்கம் பொலியெஸ்டர் பின்னல் துணி, மறுபக்கம் அதன்மேல் ஒட்டிய மெல்லிய பொலியூரித்தேன் படலம். நீர்த்துளி நிற்கும், ஆவி ஓரளவு வெளியேறும். "ஓரளவு" என்பதை மறக்க வேண்டாம்: இதைப் போட்டும் ஆறு மணித்தியாலம் விட்டுவைத்தால் பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பி.யு.எல்.லிலும் இரண்டு வகை. படலம் வெறுமனே உள்ளே தெரியும் கவரை ஈரத்துணியால் துடைத்து, காற்றாட விட்டு அடுத்த முறையும் போடலாம். உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்தது தோலுக்கு மிருது, ஆனால் அந்தத் துணி நனைவதால் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும், காயவும் நேரம் எடுக்கும். நம் மழைக்காலத்துக்கு முதல் வகையே தோது. உள்துணி ஓரம்வரை மூடியிருந்தால் படலம் தோலில் படாது.

குளிருக்குப் பயந்து இரண்டு கவர் போடுவது

வெளியே பன்னிரண்டு பாகை குளிர் என்றாலும் நெப்கினுக்குள் இருப்பது உடம்பின் சூடு. மேலே இன்னொரு கவர், அதற்கு மேல் காற்சட்டை, அதற்கு மேல் போர்வை என்றால் உள்ளே இட்லிப் பானைதான். சூடு வேண்டுமானால் மேலுடம்புக்கு ஒரு சட்டையும் காலுறையும் கூட்டுங்கள்.

இரவுக்குக் கம்பளிக் கவர் நல்லதுதான். ஆட்டுரோமம் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், காற்றும் போகும். சிக்கல் என்னவென்றால், "கம்பளி நூல்" என்று விற்பதில் பல அக்ரிலிக். நூலின் நுனியை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். ஆட்டுரோமம் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், எடுத்ததும் அணையும், ஆறியபின் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கரப்பான் உள்ள பிள்ளைக்கு அசல் கம்பளியும் உறுத்தலாம், அப்படிப்பட்ட தோலில் அது நேராகப் படக்கூடாது.

அளவு

பொதியில் உள்ள கிலோக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவது பொதுவான தவறு. மெலிந்த தொடையும் பருத்த வயிறும் உள்ள பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. போட்டபின் இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் இலாஸ்டிக் தொடையின் நடுவில் நிற்காமல், ஜட்டி நிற்கும் இடுக்கில் நிற்க வேண்டும். கழற்றும்போது தெரியும் இளஞ்சிவப்புத் தடம் சிறிது நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை, அடுத்த மாற்றத்திலும் அதே தடம் இருந்தால் இறுக்கம். உள்துணியின் ஓரம் ஒரு நூல் வெளியே நீட்டினாலும் அது திரிபோல ஈரத்தை இழுத்து உடுப்பை நனைக்கும். அதைக் கண்டு கவரை இறுக்குகிறார்கள், தொடையில் புண் வருகிறது. துணியை உள்ளே தள்ளினால் போதும்.

வெல்குரோவைவிட அழுத்துப் பொத்தான் நல்லது. வெல்குரோவின் முரட்டு ஓரம் மடங்கி வயிற்றைக் கீறும்.

காய்வதைக் கணக்கில் எடுக்காதது

ஆறு எட்டு மடிப்பாகத் தைத்த தடித்த திண்டுகள் கடையில் பார்க்க அழகு. மூடுபனியில் இரண்டு நாளிலும் காயாது, அரைகுறை ஈரத்தோடு போட்டால் தோல் அவியும். 27 அங்குலச் சதுரமான ஒற்றைத் துணியை மடித்து வைப்பதுதான் இங்கே புத்தி: விரித்துப் போட்டால் ஒரே படை, சீக்கிரம் காயும். மைக்ரோபைபர் திண்டு கிடைத்தால் அதைத் தோலில் நேராக வைக்காதீர்கள். அது தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி வெடிக்கவைக்கும்.

நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்றும் பச்சைப்பிள்ளைக்கு 24 முதல் 30 துணியும், 5 அல்லது 6 கவரும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு கவர் கூட்டுங்கள். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் தாய், மடித்துத் தயாராக வைத்த நான்கு ஐந்து தொகுதியைக் கொடுத்துவிட்டால் பார்த்துக்கொள்பவருக்கும் மாற்றச் சுணக்கம் வராது.

அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவது தோட்டத்து லயன் வீடுகளில் வழக்கம். துணியில் புகையும் கரியும் படிந்து, அது அந்தத் தோலில்தான் உரசும். கவரில் சூடு பட்டால் படலம் துணியை விட்டுப் பிரிந்து, குமிழ் குமிழாக எழும்பும். கொதிநீர் செய்வதும் அதைத்தான். கவருக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துவைத்த துணியைத் தாழ்வாரத்தில் காற்றில் உலர்த்தி, வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் வெளியே போடுங்கள்.

மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நிறைய நுரைக்கும். நுரை போகும்வரை அலசாமல் விட்டால் எஞ்சிய சவர்க்காரம் அடுத்த சிறுநீரில் கரைந்து தோலை எரிக்கும். மூன்று நான்கு அலசல் செய்யுங்கள். மணமூட்டும் கண்டிஷனர் துணியில் மெழுகுபோல் படிந்து உறிஞ்சலைக் குறைக்கும். வாளியில் கிருமிநாசினி ஊற்றுவதும் வேண்டாம், அதன் மிச்சம் உறுத்தும். குளோரின் இலாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

பெட்டியில் கிடந்ததை அப்படியே போடுவது

அக்காவின் பிள்ளை போட்ட கவர்களைப் பூச்சி உருண்டையோடு பெட்டியில் வைத்திருப்பார்கள். பூச்சி உருண்டைகள் பலவற்றில் உள்ள நெப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைகளின் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரியாது. எண்ணெய் தேய்த்த தோலில் நெப்தலின் இன்னும் எளிதாக உள்ளே போகும். அந்த மணம் உள்ள எந்தத் துணியையும் பச்சைப்பிள்ளைக்குப் போடாதீர்கள், கம்பளிப் போர்வையும் அதில் சேர்த்தி. பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், துணி எதனோடு வைக்கப்பட்டிருந்தது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.