காசு கிடந்த ஆழத்தை வாசிப்பது எப்படி

யாழ்ப்பாணம் கோப்பாயில் எங்கள் தோட்டத்தின் மேற்கு மூலையில் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டினேன். இடுப்பளவு ஆழத்தில் ஒரு காசு வந்தது. துடைத்துப் பார்த்தால் 1982 ஆம் ஆண்டு ஒரு ரூபாய். அதே கிழமை, வெங்காயத்துக்குக் கொத்திய தறையில் நாலு விரல் ஆழத்தில் விக்ரோறியா மகாராணியின் தலை பொறித்த ஒரு சதம், 1870. நூறு வருடத்துக்கு மேல் பழையது மேலே, புதியது கீழே. அம்மாவிடம் காட்டினேன். "மேற்கு மூலை பங்கர் மூடின இடமெல்லே பிள்ளை. 96இல திரும்பி வந்து ஐயாவும் மாமாவும்தானே மூடினவை. ஆரின்ரையோ பொக்கற்றால விழுந்திருக்கும்" என்றா. பங்கர் என்றது சண்டைக் காலத்தில் ஒளிக்க வெட்டிய பதுங்குகுழி.

ஏழு வருடம் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் மிசின் பிடித்தவள் நான். ஆணி, தகரம், வெற்றுத் தோட்டாக் கோது, இடையிடையே காசு என்று ஆயிரக்கணக்கில் மண்ணிலிருந்து எடுத்திருக்கிறேன். ஆழத்தைப் பார்த்து வயது சொல்லக்கூடாது என்பதை அங்கேதான் படித்தேன். முதலில் மண்ணுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். காசின் கதை அதற்குப் பிறகு வரும்.

காசு கனம், அதனால் தானாக இறங்கிப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த செம்பாட்டில், அதாவது எங்கள் செம்மண்ணில், ஒரு செப்புக்காசு தன் பாரத்தால் எங்கேயும் போகாது. மண்தான் அதன்மேல் ஏறுகிறது. நாக்கிளிப்புழு என்ற மண்புழு கீழ்மண்ணைத் தின்று மேலே குறுணியாகக் கழிக்கும். கறையானும் எறும்பும் பொடிமண்ணைச் சுமந்து மேலே கொட்டும். காசை அவற்றால் தூக்க முடியாது. அடியில் உள்ள வளைகள் இடிய இடிய அது தாழும், மேலே புதுமண் சேரும். சார்ள்ஸ் டார்வின் 1842இல் தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 வருடம் பொறுத்திருந்து 1871இல் வெட்டிப் பார்த்தார். ஏழு அங்குலம் கீழே அவை வெள்ளைக் கோடாகக் கிடந்தன. அவ்வளவு பொறுமையாகச் செய்த சோதனையை நினைக்க எனக்கு இன்றும் ஆசையாக இருக்கிறது. ஆனால் அது ஈரமான இங்கிலாந்து மண். அந்தக் கணக்கை யாழ்ப்பாணத்தில் போடாதீர்கள். இங்கே ஒரே வளவுக்குள்ளேயே கிணற்றடி வாழைக்கு ஒரு வேகம், காய்ந்து கிடக்கும் பனையடிக்கு இன்னொரு வேகம்.

புழுவைவிட எங்கள் தோட்டங்களை அதிகம் புரட்டியது மனுசரின் கைதான். மண்வெட்டியால் கொத்தினாலும் லாண்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரத்தால் உழுதாலும் மேல் ஒரு சாண் மண் ஒவ்வொரு போகமும் கலங்குகிறது. அந்தச் சாணுக்குள் அகப்பட்ட காசு ஒரு வருடம் மேலே, அடுத்த வருடம் கீழே. என் 1870 சதம் அப்படி ஏறி இறங்கியதுதான். இதைவிடப் பெரிய புரட்டல் குழை தாழ்ப்பது, அதாவது பசளைக்காக இலைதழையை மண்ணில் புதைப்பது. பூவரசங் குழையையும் பனையோலையையும் தாழ்க்க எங்கள் பாட்டன் காலத்தவர்கள் ஆழக் கிடங்கு வெட்டி, கீழ்மண்ணை மேலே எறிந்து, மேல்மண்ணைக் குழைமேல் தள்ளினார்கள். அப்படித் தாழ்த்த தறையில் ஆழம் தலைகீழாக நிற்கும். குளத்து வண்டல் ஏற்றிக் கொட்டிய தோட்டம் என்றால் காசு அந்தக் காணிக்கே சொந்தமில்லாமல் இருக்கலாம், வண்டலோடு வந்திருக்கலாம்.

கீழே கல்லுப்படும் இடத்தில் காசு அதற்குமேல் போகாது. முருகைக்கல்லில் வெடிப்பு இருந்தால் மட்டும் அதற்குள் வழுக்கி விழும். வடமராட்சிக் கடற்கரையிலுள்ள மணற்காட்டுப் பக்கம் எல்லாம் வேறு. அங்கே பழைய அந்தோனியார் கோயிலையே மணல் மூடிவிட்டது. ஒரு காற்றுக்காலம் காசை அடி ஆழத்தில் புதைக்கும், அடுத்தது வெளியே தள்ளும்.

மிசின் காட்டும் ஆழத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது காசின் அளவை ஊகித்துத்தான் ஆழம் சொல்கிறது. சின்னக் காசு மேலே கிடந்தால் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும், பெரிய தகரம் ஆழத்தில் கிடந்தால் மேலே இருப்பதாகக் காட்டும். படுத்துக் கிடக்கும் காசு நன்றாகக் கத்தும், விளிம்பில் நிற்கும் காசு முனகும். செம்பாட்டிலுள்ள இரும்புச் சத்தும் ஈரமான உப்பு மணலும் மிசினைக் குழப்பும். மிசின் தலையிலுள்ள கம்பிச் சுருளின் அகலத்தைவிட ஆழம் கூடிய பிறகு, ஆழம் இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் ஒரு இடத்தில் மேலாழத்துக் காசுகளே கிடைக்கின்றன என்றால், மிசினின் காது அவ்வளவுதான் கேட்கிறது என்று எடுங்கள்.

காசு தேட மிசின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். இலங்கையில் தொல்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம். கந்தரோடை போன்ற பழங்காலக் குடியிருப்பு இடத்தில் ஒரு காசைப் பிடுங்குவது, அந்த மண்ணடுக்கு சொல்ல வந்ததை நிரந்தரமாக அழிப்பது. அதோடு எங்கள் மண்ணில் மிசின் கத்தினால் அது காசாகத்தான் இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வராது. துருப்பிடித்த உருளையோ பிளாஸ்ரிக் மூடிபோன்ற எதுவோ தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

நான் சொல்வது தோட்டவேலையில் தற்செயலாகக் காசு வந்தால் செய்ய வேண்டியது. மண்வெட்டியை வையுங்கள். இன்னும் காசு மண்ணில் ஒட்டியிருந்தால் மேலிருந்து கிண்டாதீர்கள். கண்ணிவெடிக்குப் போவதுபோல, ஒரு சாண் தள்ளித் தொடங்கிப் பக்கவாட்டாகச் சுரண்டி வாருங்கள். அப்போது குழிச்சுவர் வெட்டுமுகமாக நிற்கும், அதில் மண் பேசும். ஒரே சிவப்பாகக் கட்டியாக இருந்தால் கலங்காத மண். சாம்பல், ஓட்டுத்துண்டு, கருமை என்று திட்டுத்திட்டாக இருந்தால் யாரோ வெட்டி மூடிய கிடங்கு. பக்கத்தில் பொலித்தீன் துண்டு ஒன்று கண்டால், நூறு வருடக் காசானாலும் அது அங்கே வந்தது அண்மையில்தான். நிலமட்டத்தில் ஒரு தடியைக் குறுக்கே வைத்து அங்கிருந்து கீழே அளவுங்கள். குழி விளிம்பில் குவிந்த மண்ணிலிருந்து அளந்தால் ஆழம் பிழைக்கும். படுத்துக் கிடந்ததா, நிமிர்ந்து நின்றதா என்றும் எழுதுங்கள். பிறகு அம்மாவையோ பக்கத்து வளவுப் பெரியவரையோ கூப்பிட்டு, இந்த மூலையில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். எங்கள் பங்கரை எந்த மிசினும் எனக்குச் சொல்லவில்லை.

நந்தி பொறித்த சேதுக் காசுபோல, யாழ்ப்பாண அரசர் காலத்துப் பழையது என்று தோன்றினால் அடுத்து வெட்டாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கையோடு புளி போட்டு மினுக்கிவிடாதீர்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி நல்லது. காசில் அது பச்சைக் களிம்போடு எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மண் ஒட்டியபடியே கடதாசி உறையில் போட்டு, ஆழத்தை உறையின்மேல் எழுதி வையுங்கள்.