ரிலக்டன்டும் ஹெசிடன்டும் ஒன்றல்ல: அகராதி விளக்கத்தை வைத்து ஆங்கிலச் சொல் கற்பது எப்படி

கல்லூரி முடித்த புதிதில் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். ஆங்கிலத்தில் பேசக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, "ஐ ஆம் ரிலக்டன்ட் டு ஸ்பீக் இன் இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர், பேச விருப்பமே இல்லையென்றால் இந்த வேலைக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. என்னிடம் இருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே 'தயக்கமுள்ள' என்றுதான் போட்டிருந்தது, நானும் அதை அப்படியே மனப்பாடம் செய்திருந்தேன்.

தமிழில் கூச்சத்தால் தயங்கினாலும் தயக்கம்தான், மனமில்லாமல் தயங்கினாலும் தயக்கம்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. மனமில்லாமல் தயங்குவது ரிலக்டன்ட், நிச்சயமில்லாமலோ கூச்சத்தாலோ தயங்குவது ஹெசிடன்ட். இந்த வேறுபாடு ஒற்றைச் சொல் பொருளில் தெரியாது, ஆங்கிலத்திலேயே எழுதிய விளக்கத்தில்தான் தெரியும். அந்த விளக்கத்தை எப்படிப் படிப்பது என்பதற்குத்தான் இந்தச் செய்முறை. (சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி கொடுத்திருக்கிறேன், தேடல் பெட்டியில் குத்துமதிப்பாகத் தட்டினாலே சரியான எழுத்துக்கூட்டு வந்துவிடும்.)

படி 1: சரியான அகராதியை எடுங்கள்

விளக்கத்தைப் படிக்கப் போனால் அதில் இன்னும் நாலு தெரியாத சொல் இருக்கிறதே என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். அது ஆங்கிலேயர்களுக்காக எழுதிய அகராதியின் கோளாறு. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தனியாக அகராதிகள் உண்டு, அவற்றை லேர்னர்ஸ் டிக்ஷனரி என்பார்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். சுமார் 24,000 பதிவுகளை வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கினார்கள். 1978இல் வந்த லாங்மன் அகராதியும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்தான் எல்லா விளக்கத்தையும் எழுதியது. அந்த 2,000 தெரிந்தால் மீதி எல்லாவற்றுக்கும் அதுவே சாவி.

லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், காலின்ஸ் கோபில்ட் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல்முறை தொடுகிறவர்களுக்கு நான் சொல்வது கோபில்ட். அதில் விளக்கம் துண்டு துண்டாக இல்லாமல் 'இன்னார் இப்படி இருந்தால், அவர் இப்படிச் செய்வார்' என்று முழு வாக்கியமாகவே வரும். வகுப்பில் வாத்தியார் சொல்லிக்கொடுப்பது போல இருக்கும்.

படி 2: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

'தினம் 50 சொற்கள்' வகையறாக்களை விட்டுவிடுங்கள். நீங்கள் படிக்கும் செய்தியிலோ பாடத்திலோ ஒரே சொல் இரண்டாம் முறை குறுக்கே வந்தால் எடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று போதும். ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுக்குப் படிப்பவர்கள், 2000ஆம் ஆண்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டிலிருந்து (உயர்கல்விப் பாடங்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல்) தொடங்கலாம், மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். என்னை மாட்டிவிட்ட சொல்லின் குடும்பமும் அதில் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

படி 3: விளக்கத்தை இரண்டாக வெட்டுங்கள்

முக்கியமான வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். எந்த விளக்கத்திலும் இரண்டு பகுதி இருக்கும்: இது எந்த வகை என்று சொல்வது ஒன்று, அந்த வகைக்குள் மற்றவற்றிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று சொல்வது இன்னொன்று.

யுபிக்விடஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'எங்கும் நிறைந்த' என்று மொழிபெயர்த்துக்கொண்டால் நமக்கு உடனே கடவுள்தான் நினைவுக்கு வருவார், ஏனென்றால் தமிழில் அந்தத் தொடர் வாழும் இடம் அது. ஆங்கில விளக்கத்தைப் பாருங்கள்: எங்கு பார்த்தாலும் இருப்பதுபோல் தோன்றுகிற, மிகச் சாதாரணமாகக் காணப்படுகிற. 'தோன்றுகிற' என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே எல்லா இடத்திலும் இருக்க வேண்டியதில்லை, திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் பட்டால் போதும். அதனால்தான் செல்ஃபோன், பிளாஸ்டிக் பை, டீக்கடை இவற்றையெல்லாம் இந்தச் சொல்லால் சொல்லலாம். கடவுளுக்கு ஆம்னிப்ரெசன்ட் என்று வேறு சொல் இருக்கிறது.

இதே வெட்டை ரிலக்டன்டுக்குப் போட்டால்: வகை, ஒன்றைச் செய்யத் தயங்குவது, பிரியும் இடம், செய்ய மனமில்லாததால். எனக்கு அந்த நேர்காணலில் இல்லாமல் போனது இந்த இரண்டாம் பாதி.

படி 4: சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்

விளக்கத்துக்கு முன்னால் ஃபார்மல், இன்ஃபார்மல், டிஸ்அப்ரூவிங் என்று குறிப்புகள் இருக்கும். டிஸ்அப்ரூவிங் என்றால், அந்தச் சொல்லைச் சொல்கிறவர் குறை சொல்கிறார் என்று அர்த்தம். சில சமயம் குறிப்பு இருக்காது, விளக்கத்துக்குள்ளேயே விஷயம் ஒளிந்திருக்கும். நோட்டோரியஸ் என்றால் பிரபலமான என்று படித்துவிட்டு, தன் ஊர்த் தலைவரை மேடையில் அப்படி அறிமுகம் செய்தால் என்ன ஆகும்? கெட்ட காரியத்துக்காகப் பிரபலமான என்பதுதான் முழு விளக்கம்.

படி 5: கூட வரும் சொல்லைப் பிடியுங்கள்

விளக்கத்துக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தாண்டிப் போகாதீர்கள். மிட்டிகேட் என்றால் கடுமையைக் குறைப்பது. ஆனால் எதன் கடுமையை? எடுத்துக்காட்டுகளில் ஆபத்து, பாதிப்பு, சேதம் இவைதான் திரும்பத் திரும்ப வரும். ஆக, சம்பளத்தை மிட்டிகேட் செய்ய முடியாது, கடன் சுமையின் பாதிப்பை மிட்டிகேட் செய்யலாம். வினைச்சொல் என்றால் அதற்குப் பின்னால் என்ன வருகிறது, பெயரடை என்றால் எந்தப் பெயருக்கு முன்னால் வருகிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு ஜோடியாவது எழுதி வையுங்கள்.

இடையில் ஒன்று. லத்தீன் வேரைப் பிடித்தால் ஆயிரம் சொல் தெரிந்துவிடும் என்பார்கள். சில இடத்தில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மெட்டிகுலஸ் என்பதன் லத்தீன் வேருக்குப் பயம் என்று பொருள், இன்றைய விளக்கமோ சின்ன விஷயத்தையும் விடாமல் கவனமாகச் செய்கிற என்பது. முதலில் விளக்கம், அப்புறம் வேர்.

படி 6: அகராதியை மூடிவிட்டு நீங்களே விளக்குங்கள்

இப்போது பார்க்காமல், உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில், அந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம் எழுதுங்கள். இலக்கணம் தப்பாக இருக்கட்டும், பரவாயில்லை. எழுதி முடித்து அகராதியோடு ஒப்பிடுங்கள், விட்டுப்போனது பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியாகத்தான் இருக்கும். அப்புறம் உங்கள் வீட்டையோ வேலையையோ வைத்து ஒரு வாக்கியம். நான் ரிலக்டன்டுக்கு எழுதியது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் என் தம்பி எழுந்திருக்கும் விதத்தைப் பற்றி.

படி 7: அட்டையும் பெட்டியும்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்ன அட்டை போடுங்கள், மறக்காமல் இருக்கத் திரும்பப் பார்ப்பதற்கு. அட்டையின் முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். விளக்கத்தை எழுதுங்கள், சொல் பின்பக்கம். பேசும்போது நம் மனதில் முதலில் வருவது பொருள்தான், அதிலிருந்து சொல்லுக்குப் போகத்தான் பழக வேண்டும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் பரவலாக்கிய முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பாருங்கள். பெட்டிக்குப் பதில் மூன்று பழைய கல்யாணப் பத்திரிகை உறை போதும், என்னிடம் இருப்பது அதுதான். ஆங்கி என்ற செயலியும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், ஆனால் ஃபோனைத் திறந்தால் நான் வேறெங்கோ போய்விடுகிறேன்.