கப்பலில் பின்பக்கக் கேபின் எடுக்கிறீர்களா? முதலில் இதெல்லாம் பாருங்கள்

எங்கள் திருகோணமலைப் பக்கம் கப்பல் பயணம் என்பது பெரும்பாலும் ஒரு வட்ஸ்அப் அழைப்பில்தான் தொடங்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகள், அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கு என்று புக் பண்ணிவிட்டு, "அம்மா, கப்பலின்ர பின்பக்கத்தில பால்கனியோட எடுத்திட்டன், கடல் முழுக்கத் தெரியும்" என்பாள். வீடு முழுக்கச் சந்தோஷம். எத்தனையாம் தட்டு (கப்பலின் மாடி, டெக்), மேல் தட்டில் என்ன இருக்கிறது, கீழ்த் தட்டில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். பின்பக்கக் கேபின் நல்லதா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரே கப்பலின் பின்பக்கத்திலேயே கண்ணை மூட விடாத அறையும் இருக்கும், இரண்டு தட்டு மேலே போனால் அந்தக் கப்பலிலேயே நல்ல அறையும் இருக்கும்.

'ஆஃப்ட்', அதாவது பின்பக்கம், என்று போட்டிருந்தால் போதும், பின்னால் விரியும் கடலைப் பார்க்கலாம் என்று நினைப்பதுதான் பலர் முதலில் விடும் பிழை. கப்பலின் கடைசிச் சுவரில், பின்னோக்கித் திறக்கிற அறைகள் ஒரு வகை. கப்பல் உழுதுகொண்டு போகிற வெள்ளை நுரைக் கோடு தெரிவது அவற்றில் மட்டும்தான். இன்னொரு வகை, பின்பக்கத்துக்குக் கிட்ட இருந்தாலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ பார்க்கிற சாதாரண பால்கனி அறை. இதில் பின்பக்கத்துக்குரிய ஆட்டம், அதிர்வு, நடை எல்லாம் கிடைக்கும், அந்தக் காட்சி மட்டும் கிடைக்காது. ஜன்னலே இல்லாத உள் அறைகளும் பின்பக்கத்தில் இருக்கின்றன, அதற்கும் ஆஃப்ட் என்றுதான் பெயர். மூலையில் வருகிற அறைகளுக்குச் சில கப்பல்களில் இரண்டு பக்கமும் சுற்றி வளைந்த பால்கனி இருக்கும், அவை சீக்கிரம் போய்விடும். ஆகவே ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி, அறை இலக்கத்தை வாங்கி, கப்பலின் தட்டு வரைபடத்தில் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று நீங்களே தேடுங்கள். வரைபடம் எல்லாக் கம்பனிகளின் இணையத்தளத்திலும் கிடைக்கும், காசும் இல்லை.

வரைபடத்தைத் திறந்தவர்களும் தங்கள் தட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் அறைக்கு நேர் மேலும் நேர் கீழும் என்ன இருக்கிறது என்பதுதான் தூக்கத்தைத் தீர்மானிக்கும். நிறையக் கப்பல்களில் பஃபே சாப்பாட்டு மண்டபம் மேல் தட்டில் பின்பக்கமாக வரும், அதன் வெளிப்புறத்தில் மேசை கதிரை போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே படுத்தால் விடிகாலையில் வேலையாட்கள் கதிரைகளை இழுத்து ஒழுங்கு பண்ணுகிற சத்தத்தில்தான் எழும்புவீர்கள், ஒரு கதிரை இல்லை, வரிசையாக எல்லாக் கதிரையும். இரவில் பாட்டுப் போடுகிற பார், நீச்சல் தடாகம், சமையலறை எல்லாம் இதே கணக்குத்தான். ரோயல் கரிபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் பின்பக்கத்தில் அக்வா தியேட்டர் என்ற திறந்தவெளித் தண்ணீர் அரங்கு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பால்கனிகளில் இருந்தே காட்சியைப் பார்க்கலாம் என்பது விளம்பரம். சின்னப் பிள்ளையை ஒன்பது மணிக்குத் தூங்க வைக்க வேண்டிய தாய்க்கு அது விளம்பரமாகத் தெரியாது. சிங்கப்பூரில் இருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் போன்ற குவாண்டம் வகைக் கப்பல்களில் பின்பக்கத்தின் நல்ல இடத்தை டூ செவன்டி என்ற பெரிய கண்ணாடி மண்டபம் பிடித்துக்கொண்டிருக்கும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தட்டாகப் பார்த்து எடுங்கள், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்காக மிகக் கீழே போய்விடவும் கூடாது. கீழ்த் தட்டுகளின் பின்முனையில் கயிறு கட்டுகிற தளம் இருக்கும். கப்பல்கள் பெரும்பாலும் விடிகாலையில்தான் துறைமுகத்துக்குள் வரும், அப்போது அந்தத் தளத்தில் வின்ச்கள் கயிற்றை இழுக்கத் தொடங்கும், தடிப்பான இரும்புச் சத்தம். துறைமுகத்துக்குக் கிட்ட வாழ்கிற எங்களுக்குத் தூரத்தில் கேட்கிற அந்தச் சத்தம் பழக்கம்தான், ஆனால் தலையணைக்குக் கீழே இருந்து கேட்டால் அது வேறு கதை.

அடுத்தது அதிர்வு. இயந்திரம்தான் அதிர்கிறது என்று பலர் நினைத்து, இயந்திர அறை எங்கே என்று தேடுகிறார்கள். பின்பக்கத்தில் உங்களை உலுக்குவது பெரும்பாலும் சுழலி, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற அந்த விசிறி. வேகத்தைக் கூட்டும்போதும், கட்டுகிற நேரத்தில் பின்னோக்கிச் சுற்றும்போதும் குமிழிகள் உருவாகி உடைந்து கப்பலின் அடித்தகட்டை அடிக்கும், மேசையில் வைத்த கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். சில வேகத்தில் அது அடங்கியும் போகும். கப்பலுக்குக் கீழே தொங்குகிற, சுற்றித் திரும்பக்கூடிய மின்மோட்டார்ச் சுழலிகள் வந்த பிறகு இந்தத் தொல்லை நல்லாய்க் குறைந்தது. அஸிபொட் என்று பெயர், பயணக் கப்பல்களில் முதலில் 1998 இல் கார்னிவல் எலேஷனில் பூட்டினார்கள். அதனால் பின்பக்கம் எடுப்பதென்றால் கப்பல் எந்த ஆண்டு கட்டியது, எந்த வகைச் சுழலி என்று பாருங்கள். 2023 ஜூனில் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோன எம்பிரஸ் 1990 இல் கட்டப்பட்ட கப்பல், நீளம் ஏறத்தாழ 210 மீற்றர், பால்கனி உள்ள அறைகளும் அதில் குறைவு. புதிய ராட்சதக் கப்பலைப் பற்றி எழுதிய விமர்சனத்தை வாசித்துவிட்டு இப்படிப் பழைய கப்பலில் பின்பக்கத்தை எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன, இரண்டும் பிழை. முதலாவது, "இப்பத்தைய கப்பலில ஸ்டெபிலைசர் இருக்கு, ஒண்டும் தெரியாது" என்பது. ஸ்டெபிலைசர் என்பது கப்பலின் இரு விலாவிலும் நீட்டிக்கொள்கிற செட்டை. அது இடம் வலமாக உருளுவதைத்தான் அடக்கும். முன்முனை ஏறப் பின்முனை இறங்குகிற ஆட்டத்துக்கு அதால் ஒன்றும் செய்ய முடியாது, பின்பக்கத்தில் படுக்கிறவரைப் பாடாய்ப்படுத்துவதோ அந்த ஆட்டம்தான். கந்தளாய் றோட்டில் பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்து போனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: நடுவில் இருப்பவர் நித்திரை, கடைசியில் இருப்பவர் கூரையைத் தொட்டுவிட்டு வருவார். கப்பலிலும் நடுப்பகுதியும் கீழ்த் தட்டுகளும்தான் மிகக் குறைவாக ஆடும். இன்னொன்றும் இருக்கிறது, பின்னால் இருந்து அலை வரும்போது, அகலமாகத் தட்டையாகக் கட்டிய பின்பகுதியின் அடியில் தண்ணீர் 'டப்' என்று அறையும், இரவில் கேட்டால் ஏதோ மோதிவிட்டது என்றுதான் தோன்றும். ஆபத்து இல்லை, ஆனால் நித்திரை போய்விடும்.

இரண்டாவது நம்பிக்கை, "நாங்கள் கடற்கரை ஆக்கள், எங்களுக்குத் தலை சுற்றாது." மூதூர்ப் படகில் எத்தனையோ தடவை போய் வந்தவரும், மீன்பிடி வள்ளத்தில் வளர்ந்தவரும்கூட பெரிய கப்பலின் மூடிய அறைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். வள்ளத்தில் கண் அடிவானத்தைப் பார்க்கிறது, உடம்பு அசைவது கண்ணுக்கும் தெரிகிறது. அறைக்குள் கண் சுவரைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு மட்டும் ஏறி இறங்குவதை உணர்கிறது, அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வரும். போதாக்குறைக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக வருகிற அசைவுதான் மனிதருக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸிலேயே சத்தி எடுக்கிறவர் என்றால் பின்பக்கத்தை விட்டுவிடுங்கள். கட்டாயம் அதுதான் என்றால் வைத்தியரிடம் கேட்டு மாத்திரையைக் கப்பல் புறப்பட முன்னமே போடச் சொல்லுங்கள், தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பிரயோசனம் இல்லை. காலத்தையும் பாருங்கள்: கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நம்பி, அதே பயணம் தெற்கையும் மேற்கையும் சுற்றிப் போகிறது என்பதை மறந்துவிடுவார்கள், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அங்கேதான் கடல் குமுறும். வாடைக்காற்றுக் காலத்தில், அதுவும் நவம்பர், டிசம்பரில், வங்காள விரிகுடாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நடையைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. இன்றைய பெரிய கப்பல்கள் 300 மீற்றரைத் தாண்டுகின்றன, ஒயாசிஸ் வகை ஏறத்தாழ 360 மீற்றர். நாடக அரங்கு பெரும்பாலும் முன்முனையில், உங்கள் அறையோ கடைசியில். ஒரு காட்சிக்குப் போய் வந்தால் அரைக் கிலோமீற்றருக்கு மேல், நடுவில் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பினால் இன்னொரு தடவை அதே தூரம். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, மான் பார்க்கிற சாட்டில் நின்று நின்று மூச்சு வாங்குகிற அம்மாவுக்கு இந்த அறை சரிவருமா? இன்னொரு பொறி: சில கப்பல்களில் கீழ்த் தட்டு ஒன்றில் முன்னிருந்து பின்வரை நேராக நடக்கவே முடியாது, நடுவில் சமையலறையோ சாப்பாட்டு மண்டபமோ குறுக்கே நிற்கும், ஒரு தட்டு ஏறி, நடந்து, மறுபடி இறங்க வேண்டும். பின்பக்க லிஃப்ட் எங்கே என்று வரைபடத்தில் பாருங்கள். மூன்று இடத்தில் லிஃப்ட் இல்லாமல் இரண்டு இடத்தில் மட்டும் இருக்கிற கப்பல்களும் உண்டு. மறுபக்கம், பிரதான சாப்பாட்டு மண்டபம் பல கப்பல்களில் பின்பக்கத்திலேயே இருப்பதால், சாப்பாடு ஒன்றுக்குத்தான் எழும்புவேன் என்கிற அப்பாவுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

பால்கனிக்கு வருவோம். பின்பக்கப் பால்கனியின் பெரிய புண்ணியம் காற்று. கப்பல் ஓடும்போது பக்கவாட்டுப் பால்கனியில் எதிர்க்காற்று தேத்தண்ணிக் கோப்பையைக்கூட வைக்க விடாது, பின்பக்கத்தில் கப்பலே மறைப்பாக நிற்கும், பேப்பர் விரித்து வாசிக்கலாம். ஆனால் புகைக்குழாயும் பின்பக்கமாகத்தான் இருக்கிறது, காற்றுத் திரும்பினால் கரித்துகள் கதிரையில் படியும். திரவ இயற்கை வாயுவில் ஓடுகிற புதிய கப்பல்களில் கரித் தொல்லை குறைவு; மற்றவற்றில் அப்பாவின் வெள்ளை வேட்டியை அங்கே காயப் போடாதீர்கள் (கப்பலில் பால்கனியில் துணி காயப் போடவே விடமாட்டார்கள், சொன்னாலும் எங்கள் ஆட்கள் கேட்கப்போவதில்லை). படிப்படியாக உள்ளே போகிற மாதிரிக் கட்டிய பின்பகுதி என்றால் கீழ்த் தட்டின் பால்கனி பெரிதாக இருக்கும், அதே காரணத்தால் மேலே நிற்கிற எல்லோருக்கும் நீங்கள் சாரத்தோடு இருப்பது தெரியும், நிழலும் குறைவு. பெரிய பால்கனி என்ற சொல்லுக்கு மட்டும் மயங்கிவிடாதீர்கள்.

பின்பக்கத்தில் இருந்து எல்லாம் தெரியும் என்பதும் பாதி உண்மைதான். உங்களுக்குத் தெரிவது கடந்து போனது மட்டும். கிழக்கே போகிற கப்பலில் பின்பக்கம் இருந்தால் சூரியன் மறைவதைப் பார்க்கலாம், உதயத்தைப் பார்க்க வெளியே வர வேண்டும். வடக்கே இருந்து எங்கள் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் கோணேசர் மலையைக் கடந்துதான் கொட்டியார்குடாவுக்குள் திரும்பும், வலப்பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் படம் எடுத்து முடித்த பிறகுதான் மலை உங்கள் பால்கனிக்கு வரும். அதற்காக அறையை மாற்ற வேண்டாம், ஊர் வருகிற நேரத்தில் மேல் தட்டுக்கு ஏறினால் சரி.

கடைசியாகப் பதிவு. மலிவாக இருக்கிறதே என்று 'கேரண்டி' வகையில் எடுத்தால் அறையைக் கம்பனிதான் தரும், வகை மட்டும்தான் நிச்சயம், இடம் இல்லை. அதைவிட மோசமானது, நல்ல பின்பக்க அறையைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டு, 'அப்கிரேட் சம்மதம்' என்ற பெட்டியில் சும்மா ஒரு டிக் போட்டுவிடுவது. கம்பனிக்கு அப்கிரேட் என்றால் விலைப் பட்டியலில் மேலே இருக்கிற அறை, அது கப்பலின் முன்முனையிலும் இருக்கலாம். ஆகவே அப்கிரேட் வேண்டாம் என்று பதிவிலேயே குறிப்பு எழுதச் சொல்லுங்கள், உறுதிப் பத்திரம் வந்ததும் அறை இலக்கம் அதேதானா என்று பாருங்கள், பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன் இன்னொரு தடவையும் திறந்து பாருங்கள்.