எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறீர்களா? நாங்கள் கெடுத்துக்கொண்ட கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

போன மாதம் பந்தலூர் பக்கமிருந்து ஐந்து பேர் கோத்தகிரியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் கல்லூரியில் படிக்கிறவர்கள், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிள்ளைகள். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற தம்பி தங்கைகள் மூன்று பேருக்கு ஓர் அண்ணனோ அக்காவோ என்று கணக்கு வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் கூட உட்கார்ந்து பாடத்திலிருந்து வீட்டுச் சண்டை வரைக்கும் பேசுகிறார்கள். இதற்கு அரசு ஆதரவு வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறார்களாம். "அக்கா, மனுவை ஒரு தடவை பாருங்க" என்று நீட்டினார்கள்.

பார்த்தால், பத்து வருடத்துக்கு முன் நானும் சிலரும் இதே வேலையைச் செய்தபோது நாங்கள் எழுதிய மனு! எப்படியோ யார் கைக்கோ போய், சுற்றிச் சுற்றி இவர்களிடம் வந்திருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கான பஸ் செலவைக்கூட அப்படியே விட்டிருந்தார்கள். கட்டணமில்லாப் பயணம் 2024-லேயே மலைக்கும் வந்துவிட்டது. அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, அடுத்த பத்தியைப் படித்ததும் பழைய எரிச்சல் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குப் போங்கள், போனை அணைத்து வையுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எந்தத் தொகுதி என்பதை மட்டும் சரிபாருங்கள். நீலகிரியில் கோத்தகிரி குன்னூர் தொகுதியில் இருக்கிறது, பந்தலூர் கூடலூர் தொகுதியில். கீழே இருப்பதெல்லாம் நீங்கள் செய்யக் கூடாத தப்புகள்.

'மென்டரிங்' என்று ஆரம்பிப்பது

நான் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். மென்டரிங் (வழிகாட்டியாக இருப்பது) அப்படி, மென்டரிங் இப்படி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எம்.எல்.ஏ. கேட்டார்: "சரிம்மா, வாத்தியாருங்களை மானிட்டரிங் பண்ண உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" பின்னால் நின்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னை முறைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சந்திப்பில் பாதி நேரம், நாங்கள் யாரையும் கண்காணிக்க வரவில்லை என்று புரியவைப்பதிலேயே போனது. "பெரிய பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்களுக்குத் துணையா இருக்காங்க" என்று தொடங்கியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

தப்பான பையில் கை விட்டது

மனுவில் எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தப் பத்தி இதுதான்: "தங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வழிகாட்டிகளுக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை வழங்க வேண்டுகிறோம்."

எங்களுக்கு அப்போது அது ரொம்ப நியாயமான கணக்காகப் பட்டது. நாற்பது பேர், ஆளுக்கு ஆயிரம், பத்து மாதம், ஆக 4 லட்சம். கோடிக்கணக்கில் நிதி வைத்திருக்கிறவருக்கு (இப்போது ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி) இது ஒரு பொருட்டா என்று நினைத்தோம். அவரும் மனுவை வாங்கிப் பார்த்து, "பண்ணிடலாம்மா" என்றார். எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள், மலையில் இருப்பதே மூன்று தொகுதி, சொன்னால் ஆள் தெரிந்துவிடும். அவர் மேலும் தப்பில்லை. வருகிறவர்களிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று எந்த அரசியல்வாதி சொல்வார்?

நான் செய்த முட்டாள்தனம், அன்று சாயங்காலமே நாற்பது பேரையும் கூட்டி "பணம் வருது" என்று சொன்னது. ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டார்கள். அதில் ஒரு பையன் காய்கறி மண்டியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். அந்தக் கூலிதான் அவன் கல்லூரிக்குப் போய்வர உதவியது. ஏழு மாதம் கழித்துப் பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது, முத்திரையெல்லாம் சுத்தமாக வைத்து. இந்தச் செலவு அந்த நிதியின் விதிகளுக்குள் வராது என்று நாலு வரி. அதற்குள் பட்ஜெட் கூட்டத்தொடரும் முடிந்திருந்தது. நாற்பது பேர் பதினொன்று ஆனார்கள். மூட்டை தூக்கிய பையன் என்னைத் திட்டக்கூட இல்லை, பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். அவன் பார்த்துக்கொண்ட மூன்று பிள்ளைகளும் மறு வாரத்திலிருந்து வரவில்லை.

விஷயம் இதுதான். தொகுதி மேம்பாட்டு நிதி என்பது நிற்கிற பொருளுக்கான பணம்: வகுப்பறை, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, தடுப்புச் சுவர். உறுப்பினர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரும். சம்பளம், ஊக்கத்தொகை, பஸ் காசு எதுவும் அதிலிருந்து வராது, அவரே மனசு வைத்தாலும் வராது. எம்.பி. நிதியும் அப்படித்தான். இன்னொன்று, தோட்டத்துக்குள் இருப்பவர்கள் கவனியுங்கள்: லைன் வீட்டுப் பக்கத்துக் காலி இடம் கம்பெனி இடம். தனியார் நிலத்தில் அரசுப் பணம் கட்டடம் கட்டாது. ஊராட்சி இடமோ அரசுப் பள்ளி வளாகமோ பார்த்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மாதா மாதம் போகிற பணம் துறையின் பட்ஜெட்டில் ஏற வேண்டும். பள்ளிக் கல்வித் துறை, பழங்குடியினர் நலத்துறை, இளைஞர் நலத்துறை என்று ஏதாவது ஒன்றில். அதற்கு உங்கள் உறுப்பினர் செய்யக்கூடியது பணம் கொடுப்பது அல்ல, பேசுவது. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், அந்தத் துறையின் மானியக் கோரிக்கை (துறை தன் செலவுக்குச் சபையிடம் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் இரண்டு நிமிடம் சொல்லலாம், அமைச்சருக்குக் கடிதம் கொடுக்கலாம். மானியக் கோரிக்கை பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வரும். 2024-ல் மக்களவைத் தேர்தலால் ஜூனுக்குத் தள்ளிப்போனது. துறைக்காரர்கள் அதற்குப் பல மாதம் முன்பே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே பிப்ரவரியில் போய் நிற்பதைவிடத் தீபாவளி முடிந்த கையோடு போவது மேல்.

நான் அந்த ஐவரிடம் சொன்னது, ஒரு மனுவை மூன்று தாளாகக் கிழியுங்கள். முதல் தாள் தொகுதி நிதிக்கு: பள்ளி வளாகத்தில் ஓர் அறை, வாசலிலிருந்து சாலை வரை விளக்கு. (பந்தலூரில் விளக்கு சும்மா வசதிக்கு அல்ல. ஆறு மணிக்கு மேல் யானை எந்தத் திருப்பத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளைகளை ஐந்தரைக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது.) இரண்டாவது தாள் துறைக்கு, அவர் சபையில் அப்படியே படிக்கிற மாதிரி ஆறு வரி. மூன்றாவதில் பணமே கிடையாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) இருக்கிற கல்லூரி மாணவர் வருடம் 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பிள்ளைகளோடு உட்காரும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளும்படி பல்கலைக்கழகத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம், அவ்வளவுதான். எங்களுக்குக் கடைசியில் கைக்கு வந்தது இந்த மூன்றாவதுதான்.

பொன்னாடை

வாங்காதீர்கள். அவரிடம் பீரோ நிறையப் பொன்னாடை இருக்கிறது.

பிள்ளையை அழவைப்பது

ஒரு தடவை பத்தாவது படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போனோம். அப்பா குடிப்பது, அம்மா கொழுந்து பறிக்கப் போவது என்று எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னது, அழுதது. எங்களில் ஒருவர் அதைப் படம் எடுத்தார். படம் வாட்ஸப்பில் லைன் முழுக்கப் போய்விட்டது. அடுத்த வாரம் அந்த அம்மா என் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. பெயரில்லாமல், ஊரில்லாமல் நீங்களே சொல்லுங்கள். இல்லையா, உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு காலத்தில் அந்த லைனில் தனியாகத் தடுமாறிய பிள்ளைதானே.

மே மாதத்தில் போவது

ஊட்டியில் மலர்க் கண்காட்சி. ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

"அதுக்குத்தான் திட்டம் இருக்கே" என்றதும் வாயடைத்து நிற்பது

நிச்சயம் கேட்பார். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது, 2022-ல் நான் முதல்வனும் புதுமைப் பெண்ணும், 2024-ல் தமிழ்ப் புதல்வன். இவை எல்லாம் இருக்கும்போது நீங்கள் எதற்கு? அந்தத் திட்டங்களைக் குறை சொல்லத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது, ஆளுங்கட்சியாக இருந்தால் கோபம், எதிர்க்கட்சியாக இருந்தால் உங்களை வைத்து ஓர் அறிக்கை. அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: இல்லம் தேடிக் கல்வி எட்டாவதுக்கு மேல் கிடையாது, புதுமைப் பெண் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நடுவில் கூடத் துணைக்கு ஆள் இல்லாத ஒரு பள்ளம் இருக்கிறது, லைன் வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்துவது அங்கேதான். விண்ணப்பத்தை நிரப்ப, சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வரை கூடப் போக ஓர் அக்கா வேண்டும். அந்த அக்காவுக்காகத்தான் வந்திருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றி யோசிக்காமல் போவது

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. மூடிய அறையில் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார மாட்டார் என்று எழுதி, கேட்பதற்கு முன்பே நீட்டுங்கள்.

உதவியாளரைத் தாண்டி ஓடுவது

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவரை நாங்கள் ஆளாகவே மதிக்கவில்லை, 'ஐயா'வைப் பார்க்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தோம். ஏழு மாதம் கழித்துக் கடிதத்தோடு போய் நின்றபோது அவர்தான் டீ சொல்லி உட்காரவைத்தார். கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கே இந்த மனுவை என்கிட்ட ஒரு நிமிஷம் காட்டியிருந்தா, இது ஆகாதுன்னு சொல்லியிருப்பேனே பாப்பா."