முதல் தூண்டில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மீன்பிடிக்கக் கிளம்புகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும்?" தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் ராடு, நரம்பு (தூண்டில் இழை), முள் எல்லாவற்றையும் ஒரு படி தடிமனாகவே வாங்குகிறார்கள். கரையோரத்தில் முதலில் மாட்டுகிற மீன்களோ பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான். தடித்த ராடில் அவை கடிப்பதே கைக்குத் தெரியாது. லேசான இரையை எறியவும் முடியாது. ராடு பின்னால் வளைந்து நிமிரும் விசையில்தான் இரை பறக்கிறது, வளையாத ராடுக்கு அந்த விசை ஏது?

நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் கட்டாயம் வேண்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. குளம், வாய்க்கால், சிறு ஓடை என்று மீன் கரையை ஒட்டியே திரியும் இடங்களில் ரீலே தேவையில்லை. 3 அல்லது 4 மீட்டர் கம்பு, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, நரம்பை நீரில் அமிழ்த்தச் சின்னதாக ஒரு குண்டு, ஒரு முள். சிக்கலாகவோ பழுதாகவோ இதில் அதிகம் ஒன்றும் இல்லை. சிறுவர்கள் சமாச்சாரம் என்று இதை ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்தில் அதை நீட்டவே கூடாது.

தூரம் எறிய வேண்டும் என்றால்தான் ராடும் ரீலும். 6 முதல் 7 அடி வரை, விறைப்பில் மீடியம் லைட் அல்லது மீடியம் வகை ராடு ஒன்று பெரும்பாலான வேலைக்குப் போதும். கைப்பிடிக்குச் சற்று மேலே இரண்டு அளவுகள் அச்சிட்டிருக்கும்: எத்தனை பவுண்டு இழுப்பில் அறுபடும் நரம்பு ஏற்கும், எத்தனை கிராம் எடை எறியும். ராடை வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், பளபளப்பைப் பார்க்கிறார்கள், இந்த வரியை மட்டும் படிப்பதில்லை. 5 முதல் 20 கிராம் என்று போட்டிருக்கும் ராடில் 2 கிராம் இரையைக் கட்டினால் அது காலடியில்தான் விழும். 60 கிராம் கட்டி ஓங்கி வீசினால் ராடு முறியலாம். நரம்பு, குண்டு, இரை எதை வாங்கினாலும் இந்த அளவுகளுக்குள் வாங்க வேண்டும்.

கார்பன் ராடு லேசானது, மீன் தொடுவதைக்கூடக் கைக்குச் சொல்லும். ஆனால் பாறையில் மோதினாலோ கதவிடுக்கில் மாட்டினாலோ உடைந்துவிடும். ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும். குறைந்த விலையில் வாங்குவதானால் நான் ஃபைபர்கிளாஸ் பக்கம்தான் நிற்பேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மலிவான ராடுகளில் மணல் புகுந்தால் இணைப்புகள் இறுகிக்கொள்ளும், நரம்பு ஓடும் வளையங்களும் ஒரே கோட்டில் நிற்காமல் திரும்பிக்கொள்ளும். பையில் வைத்துப் பயணம் போகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு இரண்டு துண்டாகக் கழற்றும் ராடே மேல். பழைய ராடு வாங்கினால் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்துத் தேய்த்துப் பாருங்கள். இழை மாட்டினால் உள்ளே விரிசல் இருக்கிறது, அது நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ரீலில், எறியும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுற்றாமல் நிற்கும் ஸ்பின்னிங் வகையில் 2500 என்ற அளவு எண் போதும். படத்தில் பார்த்த பெய்ட்காஸ்டிங் ரீலை ஆசைப்பட்டு முதலிலேயே வாங்க வேண்டாம். அதில் எறியும்போது ஸ்பூல் சுற்றும். அதன் வேகம் நரம்பு வெளியேறும் வேகத்தை மிஞ்சினால் நரம்பு மொத்தமும் தூக்கணாங்குருவிக் கூடாகிவிடும். பெட்டியில் எத்தனை பேரிங் என்று போட்டிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மட்டமான பத்தைவிடத் தரமான மூன்று நன்றாகச் சுற்றும். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் இருக்கிறதா என்று. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பை இழுத்துப் பாருங்கள். சீராக வர வேண்டும், திக்கித் திக்கி வந்தால் மீன் பாயும்போது அறுந்துவிடும்.

பணம் வீணாவதும் மீன் தப்புவதும் அதிகம் நரம்பில்தான். பின்னல் நரம்பு மெல்லியது, வலுவானது, நீளவே நீளாது. ஆனால் புதியவருக்கு அந்த நீளாமைதான் தொல்லை, பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தால் மீனின் வாயே கிழிந்துவிடும். வழுவழுப்பான ஸ்பூலில் அதை நேரடியாகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றவும் செய்யும், அடியில் கொஞ்சம் நைலான் சுற்ற வேண்டும். சாதாரண நைலான் தங்கூசி நரம்பு நீண்டு கொடுக்கும், அந்த நீட்சி கையின் அவசரத்தை மன்னிக்கும். 6 முதல் 10 பவுண்டு வரை போதும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பினால் நரம்பு சுருள் சுருளாகக் கொட்டும், பாதியே நிரப்பினால் தூரம் போகாது. விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துவது சரி. டிராக்கை நரம்பு அறுபடும் எடையில் கால் பங்குக்கு வைக்க வேண்டும். 8 பவுண்டு நரம்பு என்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த இழுப்பிலேயே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் 20 பவுண்டு நரம்பு வாங்கும் ஆசை தானாகப் போய்விடும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தடவ வேண்டும், காய்ந்த முடிச்சு உரசிச் சூடாகி வலுவிழக்கும்.

முள்ளின் எண்கள் புதியவரைக் குழப்பும். 10-ஆம் எண் முள் 6-ஐவிடச் சிறியது. எண் குறையக் குறைய முள் பெரிதாகி 1-க்கு வரும், அதன்பின் 1/0, 2/0 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும். சின்ன மீனுக்கு 6 முதல் 10 வரை வைத்துக்கொள்ளலாம். சின்ன முள்ளில் பெரிய மீனும் மாட்டும், பெரிய முள் சின்ன மீனின் வாய்க்குள்ளேயே போகாது.

குண்டு ஈயமாக இருந்தால் விலை குறைவு. ஆனால் அறுந்து நீரில் விழும் சின்ன ஈயக்குண்டுகளைப் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் இப்படி இறந்ததால்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1987-இல் சிறு ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. வெள்ளீயத்திலும் எஃகிலும் குண்டுகள் கிடைக்கின்றன.

நூறு செயற்கை இரை அடங்கிய பெட்டியை வாங்கவே வேண்டாம். அதில் பாதி உங்கள் ராடு எறியக்கூடிய எடையில் இருக்காது, மீதியின் முட்கள் மழுங்கலாக இருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு நீள்மூக்கு இடுக்கி, ஒரு கத்தரி, ஒரு கைவலை வாங்கலாம். அதே இடுக்கியால் முள்ளின் நுனிக்கருகே பின்நோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியை நசுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் முள் எளிதாகக் கழன்று வரும்.