கொடைக்கானல் வரை புளிக்காத தயிர்சாதம்

மே மாதம் மதுரையிலிருந்து கொடைக்கானல் கிளம்பினால், கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதம் வத்தலக்குண்டு வெயிலிலேயே புளித்துவிடும். இப்போது சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சிய பால் ஊற்றி மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்க்கிறேன். வழியிலேயே உறைந்து மதியம் பதமாக இருக்கிறது. மாதுளை முத்து, துருவிய கேரட் எல்லாம் சாப்பிடும்போதுதான். முன்பே கலந்தால் நீர்விடும்.

கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வராமலிருக்க, காலையில் பூரி, வடை கிடையாது, இட்லிதான். (மாமியாருக்கு இதில் வருத்தம்.) சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, அதனால் தண்ணீர் எவர்சில்வர் கேனில். அப்புறம், குளிர்கிறதே என்று தொப்பியைக் கழற்ற விடாதீர்கள்: 2,000 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே வேண்டாம், குரங்குகள் விடாது.